அருந்ததி தெரிகிறதா?

நமது நாட்டில் புரோகிதரை வைத்து நடத்தப்படும் கல்யாணங்களில் அம்மி மிதிப்பதும் அருந்ததி பார்ப்பதும் முக்கியமான சடங்குகளாக இருந்து வருகின்றன. அம்மி மிதிப்பதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம். இன்று அருந்ததி பார்ப்பதைப் பற்றி மாத்திரம் சிறிது எழுத விரும்புகின்றோம்.

சென்ற வைகாசி மாதத்தில் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கல்யாணத்திற்கு நாம் போயிருந்தோம். முகூர்த்தம் காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். தாலி கட்டி, அம்மியும் மிதித்தாயிற்று. பிறகு புரோகிதர் மணமக்களைப் பந்தலுக்கு வெளியே அழைத்து வந்து, கொளுத்தும் வெயிலில் வடக்கே வானத்தைக் கைகாட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டார். மணமகன் "தெரிகிறது" என்றார். மணமகளும் தலையை அசைத்தார். கூட நின்ற பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, திருப்தியோடு பந்தலுக்குத் திரும்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மாத்திரம், "பகல்ல நட்சத்திரம் எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டான். "சும்மா இருடா, நல்ல நாளும் அதுவுமா!" என்பதே அவனுக்குக் கிடைத்த பதில்.

பையன் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது. ஆனால் உண்மை அவன் நினைத்ததைவிடக் கேவலமானது. சூரிய வெளிச்சத்தினால் நட்சத்திரம் மறைந்திருந்தது என்று மாத்திரம் சொல்லி முடித்துவிட முடியாது. வைகாசி மாதத்தில் புதுக்கோட்டைச் சீமையில் அருந்ததி நண்பகலுக்குப் பிறகுதான் உதிக்கும். அந்த முகூர்த்த வேளையில் அது அடிவானத்திற்குக் கீழே கிடந்தது. அதாவது, புரோகிதர் வானத்தைக் காட்டினார். நட்சத்திரமோ பூமிக்கு அப்புறத்தில் இருந்தது. ராகு காலம், எமகண்டம் என்று நாழிகை கணக்குப் பார்த்து முகூர்த்தம் குறித்துக் கொடுத்த அதே பஞ்சாங்கக்காரருக்கு, தாம் காட்டப் போகும் நட்சத்திரம் அந்த நேரத்தில் வானத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. தை மாதக் கல்யாணத்தில் காலை வேளையில் அது வானத்தில் இருக்கும். ஆனால் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசியில் அதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலம் நாலு மணிக்கு மேல் எழுந்து காத்திருக்க வேண்டும். ஆகவே வருஷத்தில் எந்த மாதத்திலும் காலை முகூர்த்தத்தில் அருந்ததியைப் பார்த்தேன் என்று சொன்னவர் எவரும் அதைப் பார்த்தவர் அல்லர்.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏதோ சம்பிரதாயம், போகட்டும்" என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். நஷ்டம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். இரண்டு வாலிபர்கள் சேர்ந்து வாழத் தொடங்கும் முதல் நாளில், முதல் காரியமாக, நூறு பேர் முன்னிலையில் கண்ணுக்குத் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லும்படி செய்யப்படுகின்றார்கள். ஒருவருக்கும் அது பொய் என்று படுவதில்லை. ஏனெனில் எல்லோரும் சேர்ந்து சொல்லுகின்றார்கள். இந்தப் பழக்கம் பந்தலோடு நின்றுவிடுகிறதா? சாமியாடி சொன்னதைக் கேட்டு "ஆமாம்" என்பதும், ஜோசியன் சொன்னது பலித்தது என்பதும், தலைவர் சொன்னதைக் கேட்டுக் கைதட்டுவதும் எல்லாம் அந்த ஒரு "தெரிகிறது" என்ற வார்த்தையின் பிள்ளை பேரன்களேயாகும்.

நிற்க. அன்று மாலை நடந்த மற்றொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எம்முடன் வந்திருந்த தோழர் ஒருவர் சிறிய தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். முன் கண்ணாடியின் குறுக்களவு 60 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று கடையில் விற்கும் சாதாரணக் குழாய்தான். இரவு எட்டு மணி சுமாருக்கு அதை ஊருக்கு வெளியே களத்துமேட்டில் மூன்று கால் சட்டத்தின் மேல் நிறுத்தினார். அப்பொழுது வடக்கு வானத்தில் பாதி உயரத்தில் ஏழு நட்சத்திரக் கூட்டம் நன்றாகத் தெரிந்தது. அதன் வால் பகுதியில் உள்ள மூன்றில் நடு நட்சத்திரத்திற்குத்தான் வசிஷ்டன் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. பழந்தமிழ் நூல்களில் வடமீன் என்று சொல்லப்படுவதும் இதுதான். ஐரோப்பியர் அரபியரிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர்களால் இவற்றை மைசார் என்றும் அல்கார் என்றும் அழைக்கின்றனர்.

நல்ல பார்வையுள்ளவர்களுக்கு இரண்டும் வெறும் கண்ணுக்கே தெரியும். மணமகளும் மணமகனும் முதன் முதலாக அருந்ததியைப் பார்த்தது அப்பொழுதுதான். பிறகு தோழர் குழாயை வசிஷ்டன் மேல் திருப்பி, "என்ன தெரிகிறது என்று நீங்களே சொல்லுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றார். காலையில் அதட்டப்பட்ட பையன் பார்த்துவிட்டு, "வசிஷ்டனே ரெண்டா இருக்கே!" என்று கத்தினான். மணமகளும் அப்படியே சொன்னார். அடுத்து மணமகளின் அப்பத்தா வந்து கண்ணை வைத்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணுதானப்பா தெரியுது, அதுவும் பூசுனாப்புல இருக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள், "ரெண்டு தெரியும் அப்பத்தா, ரெண்டுன்னு சொல்லு" என்று அவசரப்படுத்தினார்கள். தோழர் அவர்களைத் தடுத்து, "அப்பத்தா சொல்வதுதான் சரி, அவர்கள் கண்ணுக்குக் குழாய் சரியாக அமையவில்லை" என்று சொல்லி, திருகைச் சற்றுத் திருப்பினார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அட, பக்கத்துல சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்றார்.

காலையில் நடந்ததற்கும் மாலையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். காலையில் தெரியாதவர் தெரிகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. மாலையில் தெரியாதவர் தெரியவில்லை என்று சொன்னதால்தான் குழாயின் குறை தெரிந்து, அது திருத்தப்பட்டது. தெரியவில்லை என்று துணிந்து சொல்லுகிறவனுக்குத்தான் தெரியவரும் என்பதே இதன் தாத்பரியம்.

வசிஷ்டன் இரண்டாகத் தெரிவது என்ன சங்கதி என்பதைச் சிறிது விளக்குவோம். வானத்தில் தூரத்தை அளக்கப் பாகை, கலை, விகலை என்று கணக்கு வைத்திருக்கின்றார்கள். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவின் அகலம் சுமார் 30 கலை. வசிஷ்டனுக்கும் அருந்ததிக்கும் இடையே சுமார் 12 கலை. ஆகையால் கண்ணுக்குத் தெரிகிறது. வசிஷ்டனுக்கும் அதை ஒட்டிய துணை நட்சத்திரத்திற்கும் இடையே 14 விகலைதான். அருந்ததி இருக்கும் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தைச் சுமார் 370 மீட்டருக்கு அப்பால் பிடித்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இடைவெளி. இதை வெறும் கண்ணால் எந்த ரிஷியும் பார்த்திருக்க முடியாது. எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. இத்தாலியில் கலிலியோவின் சீடர் காஸ்டெல்லி என்பவர் 1617-ஆம் வருஷம் குழாய் வழியாகப் பார்த்துக் கலிலியோவுக்குச் சொன்னார். தொலைநோக்கியால் இரண்டாகப் பிரித்துப் பார்க்கப்பட்ட முதல் நட்சத்திரம் இதுவே.

சங்கதி இத்தோடும் நிற்கவில்லை. 1889-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தில் பிக்கரிங் என்பவர், நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பிடித்த படங்களைக் கொண்டு, பிரகாசமான வசிஷ்டனே நெருங்கிச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் என்று வெளியிட்டார். அந்தப் படங்களை ஆராய்ந்தவர்களில் அன்டோனியா மோரி என்ற பெண்மணியும் ஒருவர். நமது நாட்டில் பெண்ணை நிறுத்தி வைத்து அருந்ததியைப் போல் இரு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு பெண் வசிஷ்டனையே பரீட்சை செய்துகொண்டிருந்தார். அவை ஒன்றையொன்று சுற்ற ஆகும் காலத்தை முதலில் தவறாகக் கணக்கிட்டார்கள். பிறகு அது 20½ நாள்தான் என்று திருத்தப்பட்டது. துணை நட்சத்திரமும் இரட்டை என்று பின்னால் தெரிந்தது. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை உண்டு என்று 2009-ல் கண்டார்கள். ஆக, நம் முன்னோர் இரண்டு என்று எண்ணிய இடத்தில் இன்று ஆறு.

இம்மாதிரி நெருங்கிய இரட்டைகளைப் பார்ப்பது பெரிய துரைமாருக்கும் சர்க்கார் பண்டிதருக்கும் மாத்திரமே முடியும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பர்னாம் என்பவர் பகலில் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவர். இரவில் தமது வீட்டுக் கொல்லையில் வைத்திருந்த ஆறு அங்குலக் குழாயினால், 1870-க்குப் பின் சில வருஷங்களில், அதுவரை எவரும் அறியாத இரட்டை நட்சத்திரங்கள் நானூற்றுக்கு மேல் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் டாவிஸ் என்ற பாதிரியார், எந்த அளவு கண்ணாடி எவ்வளவு நெருக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்று பலமுறை பார்த்துப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். 116 என்ற எண்ணைக் கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டரோ அதனால் வகுத்தால் வருவதே அந்தக் கண்ணாடியின் எல்லை, விகலைக் கணக்கில். 60 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சுமார் 2 விகலை. 100 மில்லிமீட்டருக்கு 1.2 விகலை. அதற்குக் குறைந்த நெருக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பெரிய மனுஷராயிருந்தாலும் மறுபடி பார்க்கும்படி சொல்ல வேண்டியதுதான்.

காஸ்டெல்லியும் மதத்துறவிதான், டாவிஸும் பாதிரிதான். நமக்கு வெகு சமீபமான புதுச்சேரியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கின்றது. 1689-ஆம் வருஷம் டிசம்பரில் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, தென் வானில் உள்ள ஆல்பா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரம் இரண்டாக இருப்பதைக் கண்டு எழுதி வைத்தார். இவர்களுக்கெல்லாம் அந்த இரட்டையைக் காட்டியது அவர்கள் வேதமா, குழாயா? குழாய்தான். அதில் கண்ணை வைத்தால் பாதிரிக்கும் தெரியும், நாஸ்திகனுக்கும் தெரியும், களத்துமேட்டு அப்பத்தாவுக்கும் தெரியும். யாருக்குத் தெரியும் என்பதை ஜாதியும் மதமும் தீர்மானிக்காத ஒரு காரியம் இது.

புதுக்கோட்டைச் சீமையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதியுண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையில் இருப்பதால் வடக்கு வசிஷ்டனையும் தெற்கு ஆல்பா சென்டாரியையும் ஒரே இரவில் பார்க்கலாம். லண்டனில் இருப்பவனுக்கு ஆல்பா சென்டாரி என்றுமே உதிப்பதில்லை. இங்கே வைகாசி, ஆனி மாதங்களில் இரவு பத்து மணி சுமாருக்குத் தெற்கே, சிலுவை வடிவ நட்சத்திரங்களுக்குக் கிழக்கே, தாழ்வாகத் தெரியும். அதன் இரண்டு நட்சத்திரங்களும் சுமார் 80 வருஷத்திற்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. 2016-ல் அவை 4 விகலைக்கு நெருங்கியிருந்தன. இப்பொழுது விலகி வருகின்றன. நம் தலைக்கு மேலே, ஜோசியர்கள் கன்னி ராசி என்று சொல்லும் இடத்தில், பொரிமா என்று ஒரு நட்சத்திரம் உண்டு. அதுவும் இரட்டை, 169 வருஷத்திற்கு ஒரு சுற்று. 1836-ல் அது மிக நெருங்கி, பெரிய குழாய்களிலும் ஒன்றாகவே தெரிந்தது. 2005-ல் மறுபடி அரை விகலைக்கும் குறைவாக நெருங்கியது. இன்று 3 விகலைக்கு மேல் விலகிவிட்டது. ராசி பலன் சொல்லுகிறவர் எவராவது இதைப் பார்த்து, கன்னி ராசிக்காரரின் பலனை 2005-ல் மாற்றி எழுதினாரா என்று கேட்கின்றோம்.

பொரிமாவைச் சிறு குழாயில் பிரித்துப் பார்ப்பது வசிஷ்டனைப் போல் சுலபமல்ல. நமது வாசகர்களில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்வோம். குழாயை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தவுடன் பார்க்கக் கூடாது; அரைமணி நேரமாவது வெளியில் ஆறவிட வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறையின் மேலும் சிமெண்டுத் தளத்தின் மேலும் வைத்தால், கிளம்பும் அனல் காற்றில் நட்சத்திரம் கொதிக்கும் எண்ணெய் போல் தளும்பும். மண் தரையே மேல். நூறு மடங்கு சுமாராகப் பெரிதாக்கும் கண்ணருகுக் கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், காற்று அடங்கும் ஒரு விநாடியில் இரண்டு புள்ளிகளும் தனித்தனியே நிற்கும். உடனே நம்பிவிடவும் கூடாது. அந்தக் கண்ணாடியை அதன் இடத்திலேயே சுழற்ற வேண்டும். துணைப் புள்ளியும் கூடவே சுழன்றால் அது கண்ணாடியின் குற்றம். அசையாமல் நின்றால் வானத்தில் உள்ளது. பல பேர் பார்ப்பதானால், ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லாமல், துணை எந்தப் பக்கம் இருந்தது என்று அவரவர் காகிதத்தில் புள்ளி வைத்துக் கொடுத்து, கடைசியில் ஒத்துப் பார்க்க வேண்டும். தெரியாதவர் தெரியவில்லை என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு கணக்குத்தான்; வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கு ஓர் ஆட்சேபணை எழலாம். "புரோகிதர் ஆறு என்றால் நம்பக் கூடாது, விஞ்ஞானி ஆறு என்றால் நம்ப வேண்டுமா? ஒரு புரோகிதரை ஒழித்து மற்றொரு புரோகிதரை வைக்கின்றீர்களா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கின்றது. 1855-ல் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்துத் தலைவர் காப்டன் ஜேக்கப், ஓர் இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் கோளாறு இருப்பதாகக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று அதைச் சுற்றி வருவதாக எழுதினார். அவர் கம்பெனி சர்க்காரின் அதிகாரி, பெயர் பெற்றவர். ஆனாலும் மற்றவர்கள் வருஷக்கணக்கில் அளந்து பார்த்து, அப்படியொன்று இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளியவர்களை யாரும் பாவி என்று சொல்லவில்லை. தப்பென்று காட்ட எவனுக்கும் உரிமை உண்டு, காட்டினால் ஒப்புக்கொள்ளப்படும் என்பது ஒரு வழி. கேட்டாலே அபசகுனம் என்பது மற்றொரு வழி. இரண்டும் ஒன்றாகுமா?

மற்றொரு எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கின்றது. இரட்டை நட்சத்திரத்தில் சிறியது பெரியதைச் சுற்றி வருகிறது என்று சொல்வது சரியல்ல. இரண்டும் பொதுவான ஒரு மையத்தைச் சுற்றி வருகின்றன. இதைக் கேட்டவுடன் நமது நண்பர்களிலேயே சிலர், "ஆகா, புருஷனும் பெண்ஜாதியும் சமம் என்பதற்கு வானமே சாட்சி!" என்று மேடையில் பேசக்கூடும். தயவு செய்து அப்படிப் பேச வேண்டாம். நட்சத்திரத்திடம் புத்தி கேட்கும் வழக்கத்தால்தான் பெண்ணுக்கு மாத்திரம் கற்பு என்ற விலங்கு வந்தது. மணமகளுக்கு அருந்ததியைக் காட்டினார்களே, மணமகனுக்கு யாரைக் காட்டினார்கள்? ஆணும் பெண்ணும் சமம் என்பதற்கு மனிதனுடைய நியாய புத்தியே போதுமான சாட்சி. எண்பது ஒளி வருஷத்திற்கு அப்பால் எரியும் நெருப்பு உருண்டைகளுக்குக் கற்பும் இல்லை, பதிபக்தியும் இல்லை, சுயமரியாதையும் இல்லை. அவற்றை அவற்றிற்காகவே பார்ப்போம்.

புரோகிதரில்லாத கல்யாணம் செல்லும் என்று 1967-ல் நமது சட்டசபையில் நிறைவேறி 1968-ல் சட்டமாகிவிட்டது. ஆகவே பகலில் அருந்ததி பார்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லையென்றால், பழக்கத்தைப் போக்குவது நமது வேலை. இந்த ஜில்லாவில் 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு, ஊர் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பேத்திகள் வானத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களா?

ஆகவே நமது வேண்டுகோள் இதுதான். மைக் செட்டுக்கும் பேனருக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, ஒவ்வொரு ஊர் மன்றமும் வாசகசாலையும் பள்ளிக்கூடமும் சிறிய தொலைநோக்கி ஒன்றும், கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைக்க வேண்டும். பார்ப்பவர் தேதியும் நேரமும் போட்டு, கண்டதைக் கண்டபடியும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கல்யாண வீட்டார் விரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மணமக்களுக்கு அருந்ததியையும் காட்டலாம், அது வானத்தில் இருக்கும் மாதமாயிருந்தால்.

அடுத்த முகூர்த்தத்தில் வெயிலில் நிறுத்தி வைத்து "தெரிகிறதா?" என்று கேட்கும்பொழுது, அந்த மணமகள் தலை குனியாமல் "தெரியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நாம் கோருவது அவ்வளவே.